நச்சு என்றொரு வகை

லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. லிஃப்டைத் திறந்து பார்த்ததோ பழுது நீக்கியதோ கிடையாது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனது, யார் போன் செய்தார்கள், எந்த மெக்கானிக் எப்போது போக வேண்டும் என்பதையெல்லாம் கவனிக்கும் புரோகிராமை எழுதுகிற பிரிவுக்கு அவள் தலைவி. கழுத்தில் தொங்கும் அட்டையில் பதவியின் பெயர் இரண்டு வரிக்கு நீண்டிருந்தது. ஆனால் 'பேரு டீச்சர்' என்று கேட்டால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க எதற்காவது பெயர் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று சொல்வது டைப். லிஃப்ட் ஒரு டைப், மெக்கானிக் ஒரு டைப், புகார் ஒரு டைப். அந்த இனத்தில் இப்போது கையிலிருக்கும் இந்த ஒன்று வேரியபிள். இவற்றுக்கு அந்த ஆபீசில் எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் டீச்சர். டைப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், வேரியபிள் சின்ன எழுத்தில். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற எதற்கும் பெயர் கேள்வியாகவே இருக்க வேண்டும். 'கதவு' என்று வைத்தால் போதாது, 'கதவு மூடியிருக்கிறதா' என்று வைக்க வேண்டும். எண்ணிக்கை என்றால் எதன் எண்ணிக்கை, எடை என்றால் கிலோவா ஆளா. ஒற்றை எழுத்தில் பெயர் வைத்துவிட்டு அவள் முன்னால் யாரும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

"குறிப்பு எழுதி விளக்காதே. குறிப்பை யாரும் படிக்க மாட்டான். பேரைப் படிச்சா ஆளையே நேர்ல பார்த்த மாதிரி இருக்கணும்" என்பாள்.

வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் எழுதிய புரோகிராமையும் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்குப் பார்த்தது, சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிற ஒரு பெண் எழுதியது. தடித்த சட்டம் போட்ட கண்ணாடி அணிந்திருந்ததால் அவளுக்குக் 'கண்ணாடி' என்றே பெயர். அவசரத்தில் ஒரு வேரியபிளுக்கு 'தற்காலிகம் இரண்டு' என்று வைத்திருந்தாள்.

டீச்சர் அதைச் சத்தமாகப் படித்தாள். பிறகு இன்னொருமுறை, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற குரலில் படித்தாள்.

"தற்காலிகம் ரெண்டு! வந்திருக்காரா? ஏம்மா, நாளைக்கு உனக்குக் குழந்தை பொறந்தா இப்படித்தான் பேர் வைப்பியா? மூத்தவன் தற்காலிகம் ஒண்ணு, இளையவன் தற்காலிகம் ரெண்டு?"

அறையே சிரித்தது. கண்ணாடியும் சிரித்தாள். ஆனால் காது மடல்கள் சிவந்து, மேஜைக்கு அடியில் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். டீச்சர் அதைக் கவனித்தாள். கொஞ்சம் சுருக்கென்று குத்தினால்தான் மனதில் நிற்கும் என்று அடுத்த வரிக்குப் போனாள்.

டீச்சர் தனியாக வாழ்ந்தாள். கல்யாணம் ஒன்று நடந்து ஒத்துவராமல் போயிருந்தது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஓர் அண்ணன், அவர் மனைவி. அண்ணன் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு சக்கர நாற்காலிதான். முன்பிருந்த வீட்டில் லிஃப்ட் இல்லாததால், லிஃப்ட் இருக்கிற ஒரு கட்டடத்தில் ஏழாவது மாடிக்கு மாறினார்கள். அந்த லிஃப்டும் டீச்சரின் கம்பெனி பராமரிப்பில்தான் இருந்தது.

அண்ணிக்கும் அவளுக்கும் சண்டை என்று எதுவும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. டீச்சருக்கு வாய் துடுக்கு. அண்ணிக்கு வாயே கிடையாது. கல்யாணமான புதிதில் அண்ணியின் நடையை, பேச்சை, உப்புப் போட மறப்பதை எல்லாம் டீச்சர் கேலி செய்திருக்கிறாள். நாத்தனார் என்றால் அப்படித்தான் என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி அன்றிலிருந்து அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் டீச்சர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போனாள். லிஃப்ட் கதவில் 'வேலை செய்யவில்லை' என்று அட்டை தொங்கியது. அட்டையின் மூலைகள் சுருண்டு தூசி படிந்திருந்தன. ஏதோ இன்றைக்கு நேற்று மாட்டியது போல இல்லை. படியேறினாள். மூன்றாவது மாடியில் யாரோ சைக்கிளைக் கைப்பிடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஐந்தாவதில் நின்று மூச்சு வாங்கினாள். சக்கர நாற்காலியோடு ஒருவர் இந்தப் படியில் என்ன செய்ய முடியும் என்று அப்போதுதான் தோன்றியது.

அண்ணி கதவைத் திறந்தாள். "வாங்க. படியேறியா வந்தீங்க? உக்காருங்க, தண்ணி கொண்டாறேன்."

"லிஃப்ட் எத்தனை நாளா அண்ணி இப்படி?"

"கொஞ்ச நாளாச்சு."

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். பக்கவாதத்துக்குப் பிறகு வார்த்தைகள் கொஞ்சம் குழறும், ஆனால் கிண்டல் குறையவில்லை. "கொஞ்ச நாளா? பாப்பா, என் தாடியைப் பாரு. கீழ சலூன்காரன் நான் செத்துட்டேன்னு நெனச்சிருப்பான்."

"அப்ப கைக்குப் பயிற்சி குடுக்கிற டாக்டர்கிட்டயும் போகலையா?"

 அண்ணனின் வலது கை மடியில் மூடிய மொட்டு மாதிரிக் கிடந்தது. போன தடவை வந்தபோது அந்தக் கையால் ஸ்பூனைப் பிடித்துக் காட்டி, சின்னப் பிள்ளை போல மார்தட்டிக்கொண்டார்.

"ஏன் அண்ணி, கம்பெனிக்கு போன் பண்ணலையா? அவங்க வராட்டி எனக்காவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்..." அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தாள். ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "முன்னெல்லாம் நான்தாங்க போன் பண்ணுவேன். இந்தக் கட்டடத்துல லிஃப்ட் நின்னா எல்லாரும் என் வாயைத்தான் பார்ப்பாங்க. மத்தவங்களுக்குக் கால் இருக்கு, ஏறிப் போயிடுவாங்க. அப்புறம் நான் போன் பண்ணினாலும் ரொம்ப லேட்டாத்தான் வர ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் இது வந்துச்சு. பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. விட்டுட்டேன்."

போனை எடுத்து நீட்டினாள். கம்பெனியின் புதிய ஆப். அண்ணியின் வீட்டு எண், கட்டடம், ஒப்பந்த விவரம். அதன் கீழே, 'வாடிக்கையாளர் வகை' என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல்: நச்சு.

"நச்சுன்னா நச்சரிக்கிறதுதானே?" அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "விஷம்னும் அர்த்தம் இருக்காம், எதிர் வீட்டுப் பொண்ணு சொன்னா. அது இருக்காது. நச்சரிப்புன்னுதான் போட்டிருப்பாங்க. நானும் யோசிச்சுப் பார்த்தேன். ஒரே வாரத்துல எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன். அவங்க சொல்றதுலயும் தப்பு இல்லை."

"என் பொண்டாட்டி நச்சுன்னு கண்டுபிடிக்க எனக்கு இருபது வருஷம் ஆச்சு, உங்க கம்பெனிக்காரன் ஒரே வருஷத்துல கண்டுபிடிச்சுட்டான் பாரு!" என்று அண்ணன் சிரித்தார். அண்ணியும் சிரிக்கப் பார்த்தாள். உதடு பாதி விரிந்து அப்படியே நின்றுவிட்டது.

 அந்த எழுத்தை டீச்சருக்குத் தெரியும். பெரிய எழுத்தில் தொடங்கி, அவள் போட்ட சட்டப்படி அச்சுப் பிசகாமல் இருந்தது. அது அவள் வைத்த பெயர்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு அண்ணி. நான் பார்க்கிறேன்" என்றாள். அண்ணி கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். ஏழு மாடியும் இறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் முகம் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற யாரோ பார்த்துவிடுவார்கள் போலத் தலையைக் குனிந்தே நடந்தாள்.

கம்பெனி இரண்டு மேஜைகளோடு இருந்த காலத்தில் வைத்த பெயர் அது. புரோகிராமையும் அவளே எழுதி, புகார் போனையும் அவளே எடுத்த நாட்கள். ஒரே இடத்திலிருந்து அடிக்கடி போன் வந்தால் அங்கே லிஃப்டில் பெரிய குறை ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்; சும்மா ஒட்டுப்போட்டுவிட்டு வராமல் அனுபவமுள்ள மெக்கானிக்கை முதலில் அங்கே அனுப்ப வேண்டும் என்று அவள் யோசித்தாள். நல்ல யோசனைதான். அப்படிக் கூப்பிடுகிறவர்களைத் தனியாகப் பிரிக்க ஒரு டைப் உண்டாக்கினாள். பெயர் வைக்கும்போது கூட இருந்தவனைச் சிரிக்க வைக்க 'நச்சு' என்று வைத்தாள். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். வாடிக்கையாளர் கண்ணில் படவா போகிறது என்று அப்படியே விட்டாள். பிறகு கம்பெனி வளர்ந்தது, சட்டங்கள் வந்தன. மற்றவர்கள் வைத்த பெயர்களையெல்லாம் தோண்டித் துருவியவள் தன்னுடையதை மட்டும் பார்க்கவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.

மறுநாள் ஆபீசில் தேடியபோது, அந்தப் பெயர் திரைக்கு வந்த வழி உடனே தெரிந்தது. ஆப் எழுதியவர்கள் டைப்பின் பெயரை அப்படியே எடுத்துக் காட்டியிருந்தார்கள். அதைவிட மோசமான ஒன்று அதற்குக் கீழே இருந்தது. எந்தப் புகாரை முதலில் கவனிப்பது என்று வரிசை போடுகிற பகுதியைச் சில மாதங்களுக்கு முன் புதிதாக எழுதியிருந்தார்கள். அதில் 'நச்சு' வகையைச் சேர்ந்தவர்கள் எப்போதும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். எழுதியது கண்ணாடி.

டீச்சருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்த மாதிரி இருந்தது. அத்தனை பேர் நடுவில் அவள் மேஜைக்கே போய் நின்றாள்.

"யாரைக் கேட்டு இவங்களைக் கடைசியில போட்ட? இந்த டைப் எதுக்குன்னு தெரியுமா? இவங்க முதல்ல வரணும்!"

கண்ணாடி எழுந்து நின்றாள். முதலில் பயந்தாள். திரையைப் பார்த்த பிறகு குரல் நிதானமாக வந்தது.

"எதுக்குன்னு எங்கயும் எழுதலை மேடம். பேரை மட்டும்தான் பார்த்தேன். பேரை நம்புன்னு நீங்கதானே சொல்வீங்க? நச்சுன்னு இருந்துச்சு. சும்மா தொந்தரவு பண்றவங்க போலன்னு நினைச்சேன். அப்படிப்பட்டவங்களைப் பின்னால போடுறதுதானே நியாயம்?"

டீச்சர் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு மேடம்," கண்ணாடி தணிந்த குரலில் சொன்னாள், "இதை நீங்க பார்த்துதான் ஒப்புதல் குடுத்தீங்க."

டீச்சர் தன் இடத்துக்குப் போய்த் திறந்து பார்த்தாள். உண்மை. அந்தப் பகுதிக்கு அடியில் அவளே எழுதியிருந்தாள்: 'பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன.'

அறையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் திரையில் மும்முரமாக இருப்பது போலக் காட்டிக்கொண்டார்கள். அன்றைக்குத் 'தற்காலிகம் இரண்டு' என்று கூப்பிட்டபோது இந்தப் பெண் எப்படிச் சிரித்தாள் என்று டீச்சருக்கு நினைவு வந்தது. இப்போது டீச்சரே, பூமி பிளந்தால் தேவலை என்று உட்கார்ந்திருந்தாள்.

அந்த வகையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். முதியோர் இல்லம் ஒன்று. சிறுநீரக நோயாளிகள் வந்துபோகிற மருத்துவமனை. நடக்க முடியாத மகளை வைத்துக்கொண்டு மேல்மாடியில் இருக்கும் ஒரு தாய். எல்லோரும் படியேற முடியாதவர்கள். லிஃப்ட் நின்றால் வாழ்க்கையே நிற்கிறவர்கள்தான் ஓயாமல் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோரையும் அன்றே வரிசையின் முன்னால் கொண்டுவந்தாள்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான், எதையும் பெரிதுபண்ண விரும்பாதவர்.

"பேரை மாத்திடு. தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு வரி போட்டு எல்லாருக்கும் அனுப்பிடு. யார் வச்சது, எப்ப வச்சதுன்னு கிளறிக்கிட்டிருந்தா நமக்குத்தான் அசிங்கம்."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அந்த வரியையும் அவளே எழுதினாள்: 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, சிலருடைய திரையில் பொருத்தமற்ற ஒரு சொல் தோன்றியது. வருந்துகிறோம்.' படித்துப் பார்த்தாள். அந்த வாக்கியத்தில் யாரும் எதையும் செய்திருக்கவில்லை. சொல் தானாகவே தோன்றியிருந்தது.

லிஃப்ட் சரியானது. அடுத்த வாரம் அவள் போனபோது அண்ணன் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். விரல்கள் மறுபடி இறுகிவிட்டன, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகக் காட்டவில்லை. சமையலறையில் அண்ணி டீ போட்டாள். இந்தத் தடவை தட்டில் பிஸ்கட்டும் அடுக்கினாள்.

"நீங்க சொன்னதாலதான் இவ்வளவு சீக்கிரம் வந்தாங்க. ரொம்ப நன்றிங்க" என்றாள். அந்த நன்றி நிஜமானது. அவள் கண்ணில் தெரிந்தது. "அந்த வார்த்தைக்கும் மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருந்தாங்க. மெஷின் பண்ணின தப்பாம். நான்தான் வீணா மனசுல போட்டுக் கொழப்பிக்கிட்டேன்."

டீச்சர் பிஸ்கட்டை எடுத்து, தின்ன முடியாமல் திரும்ப வைத்தாள்.

"மெஷின் இல்லை அண்ணி. அந்தப் பேரை வச்சது நான்."

அண்ணி அடுப்பை அணைத்தாள். நீல ஜுவாலை போன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னை நினைச்சா?"

"ஐயோ, இல்லை அண்ணி! சத்தியமா இல்லை. அது ரொம்ப காலம் முன்னாடி. நீங்க அப்ப இந்தக் கட்டடத்துக்கே குடி வரலை."

நாத்தனார் ஒருத்தி இதைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவளுக்கே தோன்றியது. அண்ணி நம்பினாள் போலத்தான் இருந்தது. பிறகு கேட்டாள்:

"அப்ப யாரை நினைச்சு வச்சீங்க?"

அந்தக் கேள்வியை டீச்சர் எதிர்பார்க்கவில்லை. ஒரு பெண் இருந்தாள். இரண்டு மேஜைக் காலத்தில் அநேகமாகத் தினமும் போன் செய்வாள். மூக்கால் பேசுகிற குரல். 'ஹலோ, நான்தான் மறுபடியும்' என்றுதான் ஆரம்பிப்பாள். போனை வைத்ததும் டீச்சர் அந்தக் குரலில் பேசிக்காட்டுவாள், பக்கத்து மேஜைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொள்வான். அந்தப் பெண்ணை நினைத்துத்தான் வைத்தது. அதைச் சொன்னாள். குரலை மட்டும் செய்துகாட்டவில்லை.

அண்ணி கேட்டுவிட்டு டீயை வடிகட்டினாள். "அவங்க வீட்ல யார் படுத்திருந்தாங்களோ" என்றாள்.

டீச்சருக்கு அழுகை வந்தது. அழுதால் அண்ணி சமாதானம் சொல்ல வேண்டிவரும். அதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க," என்றாள் அண்ணி, டம்ளர்களை எடுத்துக்கொண்டே. "பாப்பா பாப்பான்னு உங்க மேல உசுரா இருக்காரு. அது அப்படியே இருக்கட்டும்."

அந்த மூக்குக் குரல் பெண்ணை டீச்சர் தேடிப் பார்த்தாள். கட்டடம் எப்போதோ வேறு கம்பெனிக்கு மாறிவிட்டிருந்தது. பழைய எண்ணில் வேறு யாரோ எடுத்து, தெரியாது என்று வைத்துவிட்டார்கள். நேரில் போய் விசாரித்தபோது, அந்த வீட்டில் இருந்தவர்கள் காலிசெய்து போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். எங்கே, ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆபீசில் அடுத்த வாரம் திரையின் முன் எல்லோரும் கூடியபோது, டீச்சர் முதலில் அந்தப் பழைய புரோகிராமைப் போட்டாள். இது யார் வைத்த பெயர், எதற்காகச் சிரித்துக்கொண்டே வைத்தது, அதனால் என்ன ஆனது என்று சொன்னாள்.  "இந்த வரிசை தப்பானதுக்குக் கண்ணாடி காரணம் இல்லை. அவ பேரை நம்பினா. பேர்தான் பொய். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவளைக் கேலி பண்ணினதும் தப்பு" என்றாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நின்றாள். கண்ணாடி தலையை மட்டும் அசைத்தாள். மன்னித்ததாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை.

புதிய பெயரை டீச்சர் வைக்கவில்லை. கண்ணாடியையே வைக்கச் சொன்னாள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆட்களுக்கான அந்த வகையையே எடுத்துவிட்டாள். அதற்குப் பதில் லிஃப்டுக்கு ஒரு வகை உண்டாக்கி, 'அடிக்கடி நிற்கும் லிஃப்ட்' என்று பெயர் வைத்தாள். கோளாறு லிஃப்டில்தானே மேடம் என்றாள். டீச்சர் ஒப்புதல் கொடுத்தாள். அடியில் எதுவும் எழுதவில்லை.

அண்ணன் வீட்டுக்கு இப்போது முன்பைவிட அடிக்கடி போகிறாள். அண்ணன் யார் வந்தாலும் தங்கை பெருமைதான் பேசுவார். "என் தங்கச்சி ஒரு போன் போட்டா, கம்பெனிக்காரன் எல்லாம் அலறியடிச்சு ஓடி வந்தான். என் பொண்டாட்டிய எவனோ ஒரு தறுதலை நச்சுன்னு எழுதி வச்சிருந்தான், அவனை ஒரு வழி பண்ணிட்டா!" என்பார். கேட்கிறவர்கள் டீச்சரை மரியாதையாகப் பார்ப்பார்கள். அவள் தரையைப் பார்ப்பாள். சமையலறையில் அண்ணி காய் நறுக்குகிற சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடரும்.

அவள் அங்கிருந்த ஒரு நாள் லிஃப்ட் மறுபடி நின்றது. அண்ணியே கம்பெனிக்கு போன் செய்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"மன்னிச்சுக்கோங்க, தொந்தரவு பண்றேன்" என்று ஆரம்பித்தாள்.

"அண்ணி, அப்படிச் சொல்லாதீங்க. அது உங்க உரிமை" என்றாள் டீச்சர், அவள் போனை வைத்ததும்.

"வாய் பழகிடுச்சுங்க" என்றாள் அண்ணி.